தொண்ணூற்று நாலில் மூன்றில் இரண்டு

எங்கள் கால்பந்து கிளப் கைமாறப் போகிறது என்று செயலாளர் முதன்முதலில் சொன்னது போன சீசனின் கடைசி ஆட்டம் முடிந்த மாலையில். "இன்னும் ஒரு மாசம்" என்றார். அன்றைய நாட்குறிப்பில் அதை மேற்கோள் குறிக்குள் எழுதி, பக்கத்தில் நேரத்தையும் குறித்திருக்கிறேன்: ஐந்து ஐம்பது. அதன் பிறகு அதே மூன்று வார்த்தைகளை இன்னும் நாலு முறை சொன்னார். அந்த நாலையும் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் என் மனைவி ஒருநாள் அந்தப் பக்கங்களைப் பார்த்துவிட்டு, "ஒரு மனுஷனைப் பிடிக்கலைன்னா இப்படியா தேதி போட்டு வைப்பாங்க?" என்று கேட்டாள். ஆமாம், இப்படித்தான்.

இங்கே யார் பெயரையும் எழுதப் போவதில்லை. எழுதினால் இன்னொரு சண்டை வரும். இருக்கிற சண்டையே போதும்.

நிலைமை இதுதான். எங்கள் கிளப் சாந்தோமுக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில் பிறந்தது. பங்குக் கோயில் பள்ளி ஆசிரியர்கள் சிலரும் குப்பத்து இளைஞர்களும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். அது பதிவு செய்யப்பட்ட சங்கம். உரிமையாளர் என்று ஒருவர் கிடையாது, ஆயுள் உறுப்பினர்கள் மட்டும்தான். பல வருடங்களாக ஒரு தொழிற்சாலை எங்களைத் தாங்கியது. ஆலையை மூடினார்கள், ஆதரவும் நின்றது. லீகின் முதல் டிவிஷனில் ஆட வேண்டுமென்றால், பின்னால் ஒரு நிறுவனம் நிற்கிறது என்று ஒவ்வொரு சீசனுக்கு முன்னும் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காத கிளப்பின் இடம் போய்விடும். போனால் கடைசி டிவிஷனில் ஆரம்பித்து வருடத்துக்கு ஒரு படியாக ஏறி வர வேண்டும். ஏறி வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடையாறில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு விளையாட்டு நிறுவனம் எங்களை எடுத்துக்கொள்ள முன்வந்தது. அதற்குப் பொதுக்குழு கூடி ஒப்புக்கொள்ள வேண்டும். எதிர்ப்பு என்று யாரிடமும் இல்லை. ஆனாலும் நடக்கவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஒருவர் கேட்பார், "இன்னைக்காவது கையெழுத்தா?" என்று. யாராவது ஒரு நாற்காலியின் படத்தைப் போடுவார்கள். செயலாளர் நாற்காலி என்று அர்த்தம். பிறகு கிண்டிக் கிளப் ரசிகர் ஒருவர், அவர் எப்படி எங்கள் குழுவில் நுழைந்தார் என்று இன்றுவரை தெரியாது, "பாஸ், உங்க டீம் ஜெர்சி பழைய துணிக்கு எடுத்துக்கலாமா?" என்று எழுதுவார். அவரை நீக்குவோம். இரண்டு நாளில் வேறு எண்ணிலிருந்து வருவார்.

குழுவில் மிகவும் கடுமையாக எழுதுபவர் ஓர் ஆட்டோ ஓட்டுநர். எழுதமாட்டார், குரல் பதிவுதான். அவர் குடும்பம் அடையாற்றுக் கரையில் இருந்தது. வீடுகளை இடித்தபோது பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். ஆனாலும் தினமும் காலையில் ஆட்டோவை எடுத்துக்கொண்டு லஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார். அவருடைய அண்ணன் எங்கள் கிளப்பின் கோல்கீப்பராக இருந்தவர். ஒன்பது வருடத்துக்கு முன்னால் பொன்னேரிக்கு அப்பால், மாமியார் ஊரில், மாரடைப்பில் போய்விட்டார். தம்பியும் நானும் பதினெட்டு வருடமாக கேலரியில் அடுத்தடுத்து உட்கார்ந்தவர்கள்.

"இன்னா சார் இது, ஒரு மாசம் ஒரு மாசம்னு சொல்லிக்கினே கீறாரு. அவரு ஊர்ல மாசத்துக்கு எத்தினி நாளு?" என்று ஒரு பதிவில் கேட்டார். அதை நானே செயலாளருக்கு அனுப்பி வைத்தேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மயிலாப்பூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் மாணவர் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். என் அப்பா பங்குக் கோயிலில் ஞானஸ்நானப் புத்தகமும் மறைவுப் புத்தகமும் எழுதியவர். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கிளப்பின் உறுப்பினர் பதிவேட்டை இருபது வருடத்துக்கு முன் என்னிடம் கொடுத்தார்கள். அதிலிருந்து இரண்டு வேலைகள் எனக்கு. வருடத்துக்கு ஒருமுறை, இத்தனை உறுப்பினர்கள் என்று எண்ணி, கையெழுத்திட்டு, பதிவுத்துறைக்கு அனுப்பக் கொடுப்பது ஒன்று. இரண்டாவது, ஆட்டம் தொடங்கும் முன் கேலரியில் பெயர் வாசிப்பது.

இந்தப் பெயர் வாசிப்பை விளக்க வேண்டும். மற்ற கிளப் ரசிகர்கள் மேளம் அடிப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள். நாங்கள் அட்டென்டன்ஸ் எடுப்போம். பள்ளி ஆசிரியர்கள் தொடங்கிய கிளப் என்பதால் வந்த பழக்கம். நான் பெயரைப் படிப்பேன், வந்திருப்பவர் "உள்ளேன் ஐயா" என்பார், கேலரி முழுவதும் சிரிப்பும் விசிலுமாக இருக்கும். எதிர் அணிக்காரர்களுக்கு இது கொஞ்சமும் பிடிக்காது. அதனாலேயே விடாமல் செய்தோம்.

நான் பொறுப்பேற்ற இரண்டாவது வருடம் ஒரு மூத்த உறுப்பினர் இறந்தார். அடுத்த ஆட்டத்துக்கு முன் பதிவேட்டில் அவர் பெயரின் மேல் சிவப்பு மையில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன். அன்று வாசிக்கும்போது அவர் பெயரைத் தாண்டிப் போனேன். கேலரி எழுந்துவிட்டது. "அவரை வுட்டுட்டியே" என்று ஒருவர். செத்துவிட்டாரே என்றேன். "செத்தா? செத்தா டீம் மாறிடுவானா?" என்று இன்னொருவர் என் சட்டையைப் பிடித்தார். அடுத்த ஆட்டத்தில் அந்தப் பெயரை வாசித்தேன். மொத்தக் கேலரியும் சேர்ந்து "உள்ளேன் ஐயா" என்றது. அந்தக் கோட்டின் மேல் வெள்ளை பூசி, பெயரைத் திரும்ப எழுதினேன். அதற்குப் பிறகு யார் பெயரையும் அடித்ததில்லை. இறந்த தேதியைக் கடைசிப் பத்தியில், குறிப்பு என்ற தலைப்பின் கீழ், சிறிய எழுத்தில் எழுதிவிடுவேன். ஒரு தேதிகூடத் தப்பில்லை.

முதல் பொதுக்குழு பங்குக் கோயில் ஹாலில் கூடியது. நாற்பத்தொரு பேர் வந்தார்கள். விதிப்படி, கிளப்பின் பொறுப்பு வேறொருவர் கைக்குப் போவதென்றால் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். பதிவேட்டின்படி மொத்தம் தொண்ணூற்று நாலு. அறுபத்து மூன்று பேர் வேண்டும். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், அரை மணி நேரம் காத்திருந்தார், கோரம் இல்லை, ஆள் போதவில்லை என்று சொல்லி எழுந்துவிட்டார்.

வராதவர்கள் மேல் எங்களுக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது. ஆட்டோ ஓட்டுநரும் நானும் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனோம். மந்தைவெளியில் ஒருவர், கல்யாணத்துக்குப் போயிருந்தேன் என்றார். "யாரு கல்யாணம்? உனுக்கா?" என்று கேட்டுவிட்டார் ஓட்டுநர். பெரும்பாக்கத்தில் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைதான் வேலை இருக்கும், நீங்கள் வந்து செய்வீர்களா என்று கதவைச் சாத்தினார். அடையாறில் ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, வெளியூர் போயிருப்பதாகத் தம் மகளை விட்டுச் சொல்லச் சொன்னார். அவர் செருப்பு வாசலில் கிடந்தது. அந்தச் செருப்பையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது கூட்டத்துக்கு ஐம்பத்திரண்டு பேர். அன்று செயலாளரைச் சுற்றி நின்றுகொண்டார்கள். அவர் மயிலாப்பூரில் நாலு தலைமுறையாக இருக்கும் வீட்டுக்காரர், வங்கியில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஆட்டங்களில் பாதியைப் பார்த்திருக்கமாட்டார்.

"நான் என்ன பண்றது சொல்லுங்கோ?" என்றார். "எல்லாரும் ஆத்துல உக்காந்துண்டு மெசேஜ் போட்டுண்டிருந்தா கோரம் எப்படி வரும்? ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கோன்னோ."

"சீட்ட வுட மனசு இல்லன்னு நேரா சொல்லேன் சாமி" என்றார் ஓட்டுநர்.

"மரியாதையாப் பேசச் சொல்லுங்கோ இவரை."

"மரியாதயெல்லாம் போன சீசனோட முடிஞ்சி போச்சு."

நான் செயலாளருக்கு மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அவர் சொன்ன ஐந்து "ஒரு மாச"ங்களையும் நேரத்தோடு குறிப்பிட்டேன். வேண்டுமென்றே தாமதம் செய்கிறீர்கள் என்று எழுதினேன். அந்த வாக்கியம் இப்போதும் சரியென்றே நினைக்கிறேன். முழுமையானதல்ல, அவ்வளவுதான்.

மூன்றாவது கூட்டத்துக்கு அடையாறு நிறுவனம் தங்கள் வக்கீலை அனுப்பியது. தியாகராய நகரில், பாண்டி பஜாரை ஒட்டிய தெருவில் அலுவலகம் வைத்திருக்கும் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். அன்று ஐம்பத்தெட்டுப் பேர் வந்திருந்தோம். கல்லூரி முடித்து பெங்களூரில் இருப்பவர்கள்கூட பஸ் ஏறி வந்திருந்தார்கள். செயலாளர் எண்ணிவிட்டு, இன்னும் ஐந்து பேர் குறைகிறது என்றார். ஹாலில் நாற்காலி ஒன்று பறந்தது. யார் எறிந்தது என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன்.

வக்கீல் எழுந்து வந்து என்னிடம் பதிவேட்டைக் கேட்டார். புரட்டினார். கடைசிப் பத்தியில் விரல் வைத்தார்.

"சார், இந்த டேட்டெல்லாம் என்ன?"

"இறந்த தேதி."

"யார் இறந்த தேதி?"

"அந்தந்த வரிசையில் இருப்பவர்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முதலிலிருந்து கடைசிவரை விரலால் எண்ணினார். ஹாலில் சத்தம் மெல்ல அடங்கியது. முப்பத்து மூன்று.

"அப்போ உயிரோட இருக்கிறவங்க அறுபத்தொண்ணு" என்றார். "உங்களுக்கு வேண்டியது அறுபத்து மூணு. இருக்கிற எல்லாரும் வந்தாலும் ரெண்டு குறையும். இது யார் போட்ட கணக்கு?"

நான் போட்டது. இருபது வருடமாகக் கீழே கையெழுத்திட்டவனும் நான்தான். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை சரிபார்ப்பவன், கேலரியில் வாசிக்கும் பட்டியலும் அரசாங்கத்துக்குக் கொடுக்கும் பட்டியலும் ஒன்றாக இருக்கிறதே என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. இன்னொன்றையும் மனத்தில் கணக்கிட்டேன், அங்கேயே நின்றபடி. அறுபத்தொன்றில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பத்தொன்று. முதல் கூட்டத்துக்கு வந்தவர்களே போதுமானவர்கள். அன்றைக்கே முடிந்திருக்க வேண்டியது.

செயலாளரைப் பார்த்தேன். அவர் முகத்தில் எந்த ஆச்சரியமும் இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாதுன்னு யார் சொன்னா? நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நம்பர். நான் அதை மாத்த முடியுமோ?"

கைமாறினால் அவர் செயலாளர் இல்லை. தெரிந்துகொண்டே மூன்று கூட்டங்களைக் கூட்டி மூன்றையும் கலைத்திருக்கிறார். அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் பிடித்துக்கொண்ட கயிறு நான் திரித்தது. இதைக் குழுவில் பலர் என்னிடம் பலவிதமாகச் சொன்னார்கள். மிகவும் நாகரிகமானது, "சார் பேனாவ வாங்கி வச்சிக்கோங்கடா" என்பது.

லீகுக்கு நிறுவனத்தின் கடிதம் கொடுக்க இன்னும் இருபது நாள் இருந்தது. கூட்ட அறிவிப்புக்கு ஏழு முழு நாட்கள் வேண்டும். ஆகவே பன்னிரண்டாவது நாள், வெள்ளிக்கிழமை மாலைக்குள், பதிவேட்டைத் திருத்தி நான் சான்று கையெழுத்திட்டால், கடைசி நாளான சனிக்கிழமை காலையில் கூட்டம் நடத்தி, மாலைக்குள் கடிதம் கொடுத்துவிடலாம்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, வக்கீல் அலுவலகத்துக்குப் போனேன். அவர் தெளிவாகச் சொன்னார்.

"சார், முப்பத்து மூணு பேரையும் எடுக்க வேண்டாம். யாருக்கு டெத் சர்டிஃபிகேட் ஈசியா கிடைக்குமோ அப்படி ஒன்பது பேர் போதும். எண்பத்தஞ்சு ஆயிடும். அம்பத்தேழு பேர் வந்தா கோரம். நேத்து ஞாயித்துக்கிழமை அம்பத்தெட்டு பேர் வந்தீங்க."

"மீதி இருபத்து நாலு பேர்?"

"அது அப்புறம் பொறுமையா பாத்துக்கலாம்."

"கீழே என்ன எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்?"

"இந்தப் பதிவேடு சரியானதுன்னு."

"சரியானது இல்லையே."

அவர் பேனாவை மூடி வைத்தார். "சார், உங்களுக்கு டீம் வேணுமா, பதிவேடு வேணுமா?"

இரண்டும் வேண்டும் என்றேன். தெரியாமல் இருபது முறை பொய்யில் கையெழுத்திட்டாகிவிட்டது. தெரிந்துகொண்டு இருபத்தோராவது முறை போடமாட்டேன். அதோடு, எந்த ஒன்பது? யாரை எடுப்பது, யாரை விடுவது என்று நான் எப்படித் தீர்மானிப்பது? வாரிசு இல்லாதவர்களை எடுத்துவிடலாம், கேட்க ஆளில்லை என்று குழுவில் ஒருவர் யோசனை சொன்னார். அந்த யோசனையையும் நேரத்தோடு நாட்குறிப்பில் எழுதினேன். எடுத்தால் முப்பத்து மூன்று, இல்லாவிட்டால் எதுவுமில்லை. அப்படித்தான் முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை.

பள்ளியில் விடுப்பு எடுத்துக்கொண்டு அலைந்தேன். சாந்தோம், மந்தைவெளி, கோட்டூர், கோடம்பாக்கம், பெரும்பாக்கம், தாம்பரத்துக்கு அப்பால் ஒன்று. குடும்பத்தார் பெட்டியைத் திறந்து இறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள், அல்லது ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். வக்கீல் எதுவானாலும் ஏற்றுக்கொண்டார். சில வீடுகளில் கிளப் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளித்தார்கள். "உயிரோட இருந்தப்போ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எடுத்துக்கிட்டீங்க. இப்ப எதுக்கு?" என்று ஓர் ஆசிரியரின் மனைவி கேட்டார். ஆனாலும் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் எண்ணிக்கையை நாட்குறிப்பில் எழுதினேன். நாலு, ஒன்பது, பதினொன்று, பதினாறு. ஒன்பதைத் தாண்டியதும் குழுவில், போதும் நிறுத்து, கையெழுத்துப் போடு என்று கத்தினார்கள். பத்தாவது நாள் முப்பத்திரண்டு ஆனது.

மீதி ஒன்று கோல்கீப்பருடையது. அதைக் கடைசியாக வைத்தேன், சுலபம் என்று நினைத்து. அவர் மனைவியும் உயிரோடு இல்லை, காகிதம் தம்பியிடம்தான் இருந்தது; பொன்னேரிப் பக்கம் போய்ப் புது நகல் வாங்க இனி நாளில்லை.

பதினோராவது நாள் காலை லஸ் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் பின் இருக்கையில் கால் நீட்டிப் படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தார்.

"தர மாட்டேன் சார்."

"லெட்டராவது எழுதிக் கொடுங்கள்."

"அதுவும் தர மாட்டேன். வூட்டயும் இடிச்சி அந்தாண்ட தள்ளிட்டாங்க. ரேஷன் கார்டுல பேரு எட்த்துட்டாங்க. ஓட்டு லிஸ்ட்ல எட்த்துட்டாங்க. அவன் பேரு இந்த ஊர்ல இன்னும் ஒரே ஒரு எடத்துலதான் கீது. அத்தயும் நான் எழ்திக் குடுத்து அடிக்கணுமா?"

"டீம் போய்விடும்."

"அத்த நீ சொல்லாத. டீமு போவக் கூடாதுன்னு உன்ன வுட நான் அதிகமா கத்திக்கினு கீறேன்." பிறகு குரலைத் தணித்தார். "அவன் ஒருத்தன வுட்டுட்டு மத்தத அடி சார். முப்பத்திரண்டு இருக்குதே. ஒம்போது போதும்னாங்களே அந்தம்மா. ஒண்ணு இருந்தா இன்னா ஆயிடும்?"

"பதிவேடு தப்பாகிவிடும்."

"இம்மா நாளு தப்பாதானே இருந்துச்சி."

"அதற்காகத்தான்."

"அப்போ ஓணும்னே பண்றே" என்றார்.

பக்கத்து ஆட்டோக்காரர், "இன்னா நைனா, சவாரியா?" என்று கேட்டார். "இல்ல. எங்க அண்ணன ரெண்டாந்தபா பொதைக்க வந்துகீறாரு" என்றார் இவர். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் வந்துவிட்டேன். ஒரு விதிவிலக்கு கொடுத்தால், மற்ற முப்பத்திரண்டு வீடுகளுக்கும் நான் என்ன பதில் சொல்வேன்? அந்த ஆசிரியரின் மனைவிக்கு என்ன சொல்வேன்? இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பெயரைத் தனியாக ஒரு நோட்டில் எழுதி கேலரியில் எப்போதும்போல வாசிக்கலாம் என்பதையும் சொல்லியிருக்கலாம். கோபத்தில் அதுவும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை ஹாலில் இருபது பேர்போல இருந்தார்கள். அறிவிப்புகளின் நகல்கள் தயாராக மேசையில் இருந்தன. நான் கையெழுத்திட்டால் அன்றே தபாலில் போகும். முப்பத்திரண்டு காகிதங்களை வரிசை எண்படி அடுக்கி வைத்தேன். வக்கீல் ஒவ்வொன்றாகப் பார்த்து, "சார், இது தேவைக்கு மேல. கையெழுத்துப் போடுங்க" என்றார்.

"இன்னும் ஒன்று வர வேண்டும்."

ஓட்டுநர் வாசலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

"குடுத்துடேன் மச்சி" என்றார் ஒருவர்.

"அவர வுட்டுடச் சொல்லு" என்றார் அவர்.

"சார், நீங்களாவது விட்டுக் கொடுங்க."

"அவரைக் கொடுக்கச் சொல்லுங்கள்."

இப்படியே ஒரு மணி நேரம். முதலில் கெஞ்சினார்கள், பிறகு திட்டினார்கள். என் அப்பா வரைக்கும் போனார்கள். ஓட்டுநரையும் விடவில்லை, உங்க அண்ணன் பிடிக்காம வுட்ட கோல எண்ணவா என்று ஒருவர் கேட்க, அங்கே கைகலப்பு ஆனது. வேறொருவர் பதிவேட்டைப் பிடுங்கித் தானே கையெழுத்திடப் போனார். செயலாளர் மிகவும் நிதானமாக, "அது செல்லாது. பதிவேட்டுப் பொறுப்பாளர் கையெழுத்துதான் போடணும். அவரை மாத்தணும்னா கமிட்டி கூடணும், அதுக்கு மூணு நாள் நோட்டீஸ்" என்றார். எட்டு மாதத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோதாவது நான் பேனாவை எடுத்திருக்க வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். எடுத்தேன். மூடியைத் திறந்தேன். "மேற்கண்ட பதிவேடு சரியானது என்று சான்றளிக்கிறேன்" என்ற வரியைப் படித்தேன். மூடிவிட்டேன்.

ஏழு ஐந்துக்கு வக்கீல் தம் கோப்பைக் கட்டினார். "பத்து வருஷமா கம்பெனி கேஸ் பாக்குறேன். காசுக்காக இழுத்தடிச்சவங்களப் பாத்திருக்கேன். இதுக்காக இழுத்தடிச்சு இப்பதான் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லீகின் கடிதம் பதினைந்து நாளில் வந்தது. எங்கள் இடம் பறிக்கப்பட்டது. அடையாறு நிறுவனம் கிண்டிக் கிளப்பை எடுத்துக்கொண்டது. அங்கே எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்ததாம். எங்கள் ஆட்டக்காரர்களில் ஐந்து பேர் அங்கே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

கமிட்டி என்னை நீக்கியது. புதிய பொறுப்பாளர் முதல் நாளே ஒன்பது பெயரை அடித்து, கூட்டம் கூட்டி, புதிய செயலாளரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். பழையவர் போனார், அதற்காக மட்டும் சந்தோஷப்பட்டேன். யாரும் வாங்க வராத ஒரு கிளப்புக்குப் பத்து நிமிடத்தில் கோரம் கிடைத்தது. கோல்கீப்பர் பெயர் அப்படியே இருக்கிறதாம். பதிவேட்டில் இப்போது எண்பத்தைந்து பேர், அதில் இருபத்து நாலு பேர் உயிரோடு இல்லை. அது தப்பு என்று ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

சீசன் தொடங்கிய முதல் ஞாயிறு கிண்டி மைதானத்துக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வேறெங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. கேலரியில் எங்கள் பழைய ஆட்கள் ஏழெட்டுப் பேர் தெரிந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. மேல் படியில் ஓட்டுநர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரையும் யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. இடைவேளைக்குப் பிறகு அவர் இறங்கி வந்து என் எதிரில் நின்றார்.

"இன்னா சார். எல்லாம் கரெக்டா கீதா?"

"ஒரு காகிதம்" என்றேன். "ஒரே ஒரு காகிதம் கொடுத்திருந்தால் நாம் இன்று நம் மைதானத்தில் இருந்திருப்போம்."

"ஒரு பேரு. ஒரே ஒரு பேர வுட்டிருந்தா."

"நான் கேட்டது எல்லோரிடமும் கேட்டதைத்தான்."

"நான் கேட்டது உன்கிட்ட மட்டுந்தான். பதினெட்டு வர்சம் பக்கத்துல குந்திக்கினு இருந்தவன்னு கேட்டேன்."

ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவரும் மறித்து ஏதோ சொல்ல, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உரக்கப் பேசினோம். பின்னாலிருந்து, "யோவ், உக்காருங்கய்யா, மறைக்குது" என்று குரல் வந்தது. அப்போது கேலரி முழுவதும் எழுந்து கத்தியது. திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து வலைக்குள் கிடந்தது. கோல் அடித்தவனின் மேல் பத்துப் பேர் விழுந்து கிடந்தார்கள்.

யார் அடித்தது என்று பக்கத்திலிருந்த கிண்டிக்காரரைக் கேட்டேன்.

"உங்க பழைய டீம் ஆளுதான்" என்றார் அவர்.